ஜெயித்த மறுநாள்

கல்யாணம் முடிந்த வீட்டில் மறுநாள் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பந்தல் பிரித்தாகிவிட்டது. பாத்திரக்காரர் அண்டாவையும் குண்டானையும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக ரயிலேறியாயிற்று. அப்புறம் கூடத்தில் பாயை விரித்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் பேச உட்காருகிறோம்.

"மூன்றாம் பந்திக்கு சாம்பார் போதாமல் போயிருந்தால் என்ன கதி?"

"அதை விடு அக்கா. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திருமாங்கல்யத் தட்டைக் காணோமே! எனக்கு உயிரே போய்விட்டது!"

சாம்பாரும் போதியது, தட்டும் கிடைத்தது, எல்லாம் சுபமாகவே முடிந்தது. ஆனாலும் நாம் பேசுவது எதைப் பற்றி? தவித்த அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான். தங்குதடையில்லாமல் நடந்த நலங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் போதும். உங்கள் வீட்டுப் பிள்ளை, கால்பந்து ஆட்டத்தில் தன் கட்சி ஜெயித்த மறுநாள் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு ஏன் பேசிக்கொண்டே இருக்கிறான் என்பதும் புரிந்துவிடும். "ஜெயித்தாகிவிட்டதேடா, இன்னும் என்ன பேச்சு?" என்று அவனைக் கேட்காதீர்கள். ஜெயித்ததனால்தான் பேச்சு! அதிலும், தோற்றோம் என்று எழுந்திருக்கப் போன சமயத்தில் ஜெயித்திருந்தால் அந்தப் பேச்சு லேசில் ஓயாது. வருஷக்கணக்கில் நடக்கும்.

அப்படி வருஷக்கணக்கில் நடந்து வரும் ஒரு பேச்சைக் கேட்பதற்காகவே விம்கோ நகருக்குப் போயிருந்தேன்.

தீப்பெட்டியின் பெயரில் ஓர் ஊர்

விம்கோ என்பது ஏதோ மகான் ஒருவரின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. சுவீடன் தேசத்துத் தீப்பெட்டி முதலாளிகள் 1920-களில் நம் நாட்டில் ஏற்படுத்திய கம்பெனி. உங்கள் பாட்டி அடுப்பு மூட்டிய கப்பல் மார்க் தீப்பெட்டி அவர்களுடையதுதான். திருவொற்றியூரில் அவர்கள் வைத்த தொழிற்சாலையின் பெயரே குடியிருப்புக்கும், ரயில்வே ஸ்டேஷனுக்கும், பின்னால் வந்த மெட்ரோ நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது.

கடற்கரை ஓரமாக நீண்டு கிடக்கும் இந்தப் பகுதிக்குத் தொழிற்சாலைதான் தாய்வீடு. எம்.ஆர்.எப். டயர் கம்பெனி 1946-ல் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்து ஆரம்பமானது இதே திருவொற்றியூரில்தான். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் 1950-களில் இங்கே வந்தது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். தெற்கே ராயபுரமும் துறைமுகமும். ஆலைச் சங்கு ஊதினால் அடுப்பில் உலை வைத்த வீடுகள் இவை.

இந்த வடசென்னைப் பேட்டைகளில் மூன்று விளையாட்டு பிரசித்தம்: குத்துச்சண்டை, கேரம், கால்பந்து. மூன்றுக்கும் பெரிய செலவில்லை. கால்பந்துக்கு வேண்டியது ஒரு பந்தும், ஒரு பொட்டல் வெளியும், நாலு செங்கல்லும். செங்கல் இரண்டிரண்டாக இரண்டு கோல்!

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற போட்டி தொடங்கியபோது நம் நகரத்துக்கும் ஒரு கட்சி ஏற்பட்டது. 'சென்னையின் எஃப்.சி.' என்று பெயர். நீல நிறச் சட்டை. சொந்த மைதானம் பெரியமேட்டு நேரு ஸ்டேடியம். அப்போது விம்கோ நகருக்கு மெட்ரோ கிடையாது. அது 2021 பிப்ரவரியில்தான் வந்தது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டு, சென்ட்ரல் பக்கம் இறங்கி நடந்து போவார்கள். திரும்பும்போது நீலச் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருக்கும். தொண்டை கட்டியிருக்கும்.

மைதானத்தை இழந்த கட்சி

இவர்களிடம் எந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு கடைசியில் 2015 டிசம்பருக்குத்தான் வந்து சேருகிறது.

அந்த டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 1-ஆம் தேதி ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. விமான நிலையத்தை மூடினார்கள். அந்த மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். வடக்கே கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கி வரும் தாழ்ந்த பூமி அல்லவா இது? மின்சாரம் இல்லை, பால் இல்லை, அரிசிக் குதிருக்கு அடியில் தண்ணீர். பரண்மேல் குழந்தையை ஏற்றி வைத்துவிட்டு, வாசல்படியில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அந்த வருஷம் நம் கட்சியும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தது. தோல்விமேல் தோல்வியாகப் பட்டியலின் கடைசி இடத்துக்கே போய்விட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, லீக்கில் மிச்சமிருந்த கடைசி 4 ஆட்டங்களையும் அடுத்தடுத்து ஜெயித்து, மூன்றாவது இடம் பிடித்து, அரை இறுதிக்கு வந்தது. பயிற்சியாளர் இத்தாலிக்காரர் மார்க்கோ மாத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் வீரர் ஸிடான் தலையால் நெஞ்சில் முட்டித் தள்ளினாரே, அந்த முட்டு வாங்கியவரேதான்!

அரை இறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது. வெள்ளத்தில் தத்தளித்த ஊரில் ஆட்டம் எப்படி நடக்கும்? புனாவுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த மைதானத்தில் ஆடுவது என்றால் ஆயிரக்கணக்கான தொண்டைகள் கூட நின்று கத்தும். அந்தப் பலம் போயிற்று. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிரசவ சமயத்தில் தாய்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது போல் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டிசம்பர் 12-ஆம் தேதி புனாவில் கல்கத்தாக் கட்சியை 3-0 என்று ஜெயித்தார்கள். 16-ஆம் தேதி கல்கத்தாவில் 1-2 என்று தோற்றார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 4-2. இறுதி ஆட்டத்துக்குப் போயாயிற்று! அது கோவாவில், கோவாக் கட்சியை எதிர்த்து, அவர்களுடைய மைதானத்திலேயே, 20-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

அந்தச் சில நிமிஷங்கள்

கால்பந்து தெரியாதவர்களும் இந்தக் கதையைக் கேட்கலாம். சினிமாவில் இப்படி எடுத்தால் "நம்பும்படி இல்லை" என்று நாமே சொல்லிவிடுவோம்.

ஆட்டம் 90 நிமிஷம். முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. 54-வது நிமிஷத்தில் சென்னைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பெனால்டி என்றால் தனி ஆளாகக் கோல் கீப்பரை எதிர்த்து அடிப்பது. பாதிக் கோல் என்றே சொல்லலாம். பிரேசில்காரர் புரூனோ பெலிஸாரி அடித்தார். கோவாவின் கோல் கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி பாய்ந்து தடுத்துவிட்டார்! ஆனால் பந்து திரும்பி வந்தது. பெலிஸாரி அதையே மறுபடி அடித்துக் கோலாக்கினார். சென்னை 1-0.

நாலே நிமிஷம். ஹவோகிப் என்ற கோவா வீரர் கோல் போட்டு 1-1 ஆக்கினார். சற்று நேரத்தில் சென்னைக்கு இன்னொரு பெனால்டி. இந்தத் தடவை அடித்தவர் கொலம்பியா நாட்டு ஸ்டிவன் மெண்டோஸா. அந்த வருஷம் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர். அவர் அடித்ததையும் கட்டிமணி தடுத்துவிட்டார்.

87-வது நிமிஷத்தில் ஜோஃப்ரே கோவாவுக்கு இரண்டாவது கோல் போட்டார். கோவா 2, சென்னை 1. மீதி மூன்று நிமிஷம். மைதானம் முழுவதும் அவர்கள் ஊர்க்காரர்களின் ஆரவாரம்.

விம்கோ நகரில் இந்த இடத்துக்கு வரும்போது கதை சொல்பவர்களின் குரல் தணிகிறது. ஒருவர் டெலிவிஷனை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாராம். இன்னொரு வீட்டில் அம்மா, "சரி, தோற்றாகிவிட்டது, சாப்பிட வாடா" என்று கூப்பிட்டிருக்கிறாள். "இரும்மா, இன்னும் விசில் ஊதவில்லை" என்று பிள்ளை பதில் சொன்னானாம். அந்தப் பதிலை அம்மா இன்றைக்கும் பெருமையோடு சொல்கிறாள்.

90-வது நிமிஷத்தில் கோவாவின் கோலுக்கு முன்னால் ஒரே நெருக்கடி. இரண்டு பெனால்டிகளைத் தடுத்த அதே கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து வலைக்குள் போய்விட்டது. சுய கோல் என்று கணக்கில் எழுதினார்கள். 2-2. கூடுதலாகக் கொடுத்த நேரத்தில், இரண்டாவது நிமிஷத்தில், பெனால்டியைக் கோட்டைவிட்ட அதே மெண்டோஸா பந்தை வலைக்குள் அனுப்பினார். சென்னை 3, கோவா 2. கோப்பை நமக்கு!

வெள்ளத்தில் வாடிய சென்னை மக்களுக்கே இந்தக் கோப்பை என்று அணியினர் அர்ப்பணம் செய்தார்கள். கோப்பையால் நனைந்த அரிசி காய்ந்துவிடாது. போன உயிர் திரும்பாது. அது ரசிகர்களுக்கும் தெரியும். ஆனால் மூன்று வாரமாக ஒருவரையொருவர் பார்த்தால் "உங்கள் வீட்டில் எவ்வளவு தண்ணீர்?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள், மறுநாள் காலையில் பால் வாங்க நின்ற இடத்தில் வேறு ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். அதுவே பெரிய ஆறுதல்.

ஜெயித்தும் குறையா?

அந்தப் பேச்சில் இருந்ததெல்லாம் புகழ்ச்சி என்று எண்ணினால் தவறு. முக்கால்வாசியும் குறைதான்!

"இரண்டு பெனால்டியையும் ஒழுங்காக அடித்திருந்தால் இந்தப் பாடு எதற்கு?" என்பார் ஒருவர். "87-வது நிமிஷத்தில் அவனைச் சும்மா விட்டது யார்?" என்பார் அடுத்தவர். நடுவருக்கும் கொஞ்சம் அர்ச்சனை நடக்கும். கேட்கிறவர்களுக்கு இவர்கள் தோற்ற கட்சியோ என்று சந்தேகம் வரும்.

எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. சுலபமாக 5-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் ரசிகனுக்கு வேலை இல்லை. கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நூலிழையில் ஜெயித்த ஆட்டத்தில் அவனும் கூடவே தவித்தான். தோல்வியைப் பாதி விழுங்கிவிட்டான். அந்தத் தவிப்பில் அவனுக்கும் ஒரு பங்கு. மறுநாள் ஒவ்வொரு நிமிஷத்தையும் எடுத்து அலசுவது, தன் பங்கு இது என்று எண்ணிப் பார்ப்பதற்குத்தான். டெலிவிஷனை அணைத்துவிட்டுப் போனவர் ஜெயித்த செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படத்தான் செய்தார். ஆனால் கதை சொல்லும்போது அவர் கொஞ்சம் பின்னால்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். கட்டிமணியைப் பற்றி யாரும் கேலியாகப் பேசவில்லை. "பாவம், அவர் இல்லாவிட்டால் ஆட்டம் முன்னாலேயே முடிந்திருக்கும்" என்றே சொல்கிறார்கள். இரண்டு நிமிஷம் இப்படியோ அப்படியோ போயிருந்தால் அழுதிருக்க வேண்டியது நாம்தான் என்ற நினைப்பு அவர்களுக்கு இருக்கிறது. வெள்ளக் கதை சொல்லும்போதும் அப்படித்தானே? "எங்கள் வீட்டில் மூன்றாவது படியோடு தண்ணீர் நின்றுவிட்டது" என்று சொல்லும் அம்மாள், உடனேயே "ஆனால் எதிர் வீட்டில்..." என்று தொண்டை அடைத்து நிறுத்துகிறாள். தப்பித்தவர்களுக்குத்தான் தப்பாதவர்களின் அருமை தெரியும்.

நம்ம பேட்டைப் பையன்

அந்த வெற்றியில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரே ஒரு மனக்குறை. கோல் போட்டவர்கள் பிரேசில்காரரும் கொலம்பியாக்காரரும். "நம்ம பசங்க எப்போது?"

அந்தக் கேள்விக்கு மூன்று வருஷத்தில் பதில் கிடைத்தது. வியாசர்பாடியை அங்கே பலரும் 'குட்டி பிரேசில்' என்றே சொல்லுவார்கள். உமாபதி, தங்கராஜ் என்ற இரு நண்பர்கள் 1990-களின் பின்பாதியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கால்பந்தும் கற்றுக்கொடுப்பார்கள், படிப்பையும் கவனிப்பார்கள். அந்த வியாசர்பாடியிலிருந்து வந்தவர் தனபால் கணேஷ்.

17-3-2018 அன்று பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் சென்னை மறுபடியும் இறுதி ஆட்டம் ஆடியது. இந்தத் தடவையும் எதிராளியின் சொந்த ஊர்தான். 9-வது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி பெங்களூருக்குக் கோல் போட்டுவிட்டார். அப்புறம் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோல். முடியப் போகிற சமயத்தில் மிக்கு ஒன்று திருப்பிக் கொடுத்து எல்லோருடைய வயிற்றிலும் புளியைக் கரைத்தார். கடைசியில் அதே 3-2! அன்று சென்னையின் நடுக்களத்தில் ஓடி ஓடி ஆடியவர்களில் தனபால் கணேஷும் ஒருவர்.

மறுநாள் பேச்சில் அவர் பெயர் வரும்போது மட்டும் குறை சொல்லும் குரலே கேட்கவில்லையாம். நம் வீட்டுப் பையன் பந்தியில் பரிமாறினால் சாம்பாரில் உப்பு எப்படிக் குறையும்?

மற்ற ஊர்களில் எப்படி?

இந்த மறுநாள் பேச்சு நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. கல்கத்தாவில் 29-7-1911 அன்று மோகன் பகான் கட்சி, ஈஸ்ட் யார்க்ஷயர் என்ற ஆங்கிலப் பட்டாளத்துக் கட்சியை 2-1 என்று வென்றது. நம்மவர்களில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். ரேடியோ இல்லாத காலம். தூரத்தில் நின்ற கூட்டத்துக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம்! நூறு வருஷம் தாண்டியும் வங்காளிகள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதை விடவில்லை.

அங்கே சமையலறைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்ஸா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது வழக்கம். 12-8-2023 அன்று ஹில்ஸாவை அடுப்பில் ஏற்றியவர் யார் தெரியுமா? சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர்! நாலரை வருஷமாக மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு அவர் போட்ட ஒரே கோல் 1-0 என்று வெற்றி தேடித் தந்தது. அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 1-0 என்று பழி தீர்த்துக்கொண்டு இறாலுக்கு வழி செய்தது வேறு கதை.

ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரிக் கால்பந்து ஆடுகிறார்கள். பந்து உருண்டையாக இராது, முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். கோல் கம்பங்கள் நாலு. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. சற்றுத் தவறிப் பக்கத்தில் போனாலும் 1 புள்ளி உண்டு. 1966-ல் மெல்போர்னில் ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்த இறுதி ஆட்டத்தில் செயின்ட் கில்டா கட்சி, காலிங்வுட் கட்சியை 74-க்கு 73 என்று ஒரே புள்ளியில் வென்றது. ஜெயிக்க வைத்த அந்த ஒரு புள்ளியும் குறி தவறிய உதையால் வந்தது! அதற்குப் பிறகு அறுபது வருஷம் போல் ஆகியும் செயின்ட் கில்டாவுக்கு வேறு கோப்பை கிடைக்கவில்லை. அந்த ஊர்த் தாத்தாக்கள் அந்த ஒரு புள்ளியைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் ஜெயித்த கதை

ஆட்டமும் அலசலும் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று இத்தனை நேரம் நினைத்திருந்தால் இதையும் கேளுங்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில், அதுவரை அந்தக் கோப்பையை மிக அதிகத் தடவை வென்றிருந்த மணிப்பூரை, தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்றார்கள். நமக்கு அதுதான் முதல் கோப்பை. 2023 ஜூனில் அமிருதசரஸில் ஹரியானாவையும் அதே 2-1 கணக்கில் வென்றார்கள். இரண்டு தடவையும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும்கூட.

இந்த வெற்றிகளைப் பற்றி மறுநாள் எத்தனை டீக்கடையில் பேச்சு நடந்தது? எத்தனை கூடத்தில் பாய் விரித்தார்கள்? விம்கோ நகரில்கூட இதைச் சொன்னபோது "அப்படியா!" என்றுதான் கேட்டார்கள். ஜெயிப்பது ஆடுகிறவர்களின் வேலை. ஆனால் ஜெயித்ததை ஊரில் நிலைக்க வைப்பது பேசுகிறவர்களின் வேலை. பெண்கள் ஜெயித்ததைப் பெண்களாகிய நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்? உங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடிவிட்டு முழங்காலில் சிராய்ப்போடு வந்தால், மருந்து போடும்போதே "எத்தனைக்கு எத்தனை?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

பிள்ளையிடம் கேட்பதற்கும் ஒரு கேள்வி சொல்லுகிறேன். அடுத்த தடவை அவன் தொண்டை கட்டி, முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தால், "யார் ஜெயித்தது?" என்று கேட்காதீர்கள், அது முகத்திலேயே எழுதியிருக்கும். "தோற்றுவிட்டோம் என்று எந்த நிமிஷத்தில் நினைத்தாய்?" என்று கேளுங்கள். அப்புறம் பாருங்கள், மூன்று மாதமாக உங்களிடம் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசுவான்!

ஒன்று மட்டும். அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் அதை இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.